காட்லீப் கவுண்ட்டவுன் (1979) பின்பால் மெஷின்: வாங்கலாமா, விட்டுரலாமா?

எடிசன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சில எங்க ஏரியாவுல ஒருத்தர் வீட்டை வித்துட்டு ஃப்ளோரிடா போறாரு, பேஸ்மெண்ட்ல இருக்கற சாமானை எல்லாம் விக்கிறாரு, அதுல ஒரு பின்பால் மெஷின் இருக்கு, அதாவது ஃப்ளிப்பர்ங்கற சின்னக் கைகளால இரும்புப் பந்தை அடிச்சு ஆடற பெரிய பெட்டி. காட்லீப் கம்பெனியோடது, பேரு கவுண்ட்டவுன், 1979ல வந்தது. 1,400 டாலர் சொல்றாரு. ஃபோட்டோவுல பார்த்த வரைக்கும் ப்ளேஃபீல்ட் (பந்து ஓடற பலகை) நல்லா இருக்கு, பேக்கிளாஸ்ல (தலைப்பகுதில படம் வரைஞ்ச கண்ணாடி) கீழ் மூலையில மட்டும் பெயிண்ட் லேசா எழும்பியிருக்கு. ஸ்விட்ச் போட்டா சாதா லைட் எல்லாம் எரியுது, ஆனா ஸ்கோர் டிஸ்ப்ளே எதுவும் வரலை, ஆட்டமும் ஸ்டார்ட் ஆகலை. "சின்ன ஃப்யூஸ் பிரச்சனைதான்"னு சொல்றாரு.

எனக்கு சால்டரிங் தெரியும், மல்ட்டிமீட்டர் இருக்கு, ஆனா பின்பால் மெஷினைத் திறந்து பார்த்த அனுபவம் கிடையாது. ரெண்டு பசங்க, 9 வயசு, 12 வயசு. ஸ்கிரீன் இல்லாம வீட்டுல எல்லாரும் சேர்ந்து விளையாடற மாதிரி ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா ஆசை. பிரச்சனை என்னன்னா இந்த மெஷினைப் பத்தி யாரைக் கேட்டாலும் தெரியலைங்கறாங்க. பேரு தெரியாத மெஷின்ல காசு போடலாமா?

வெள்ளிக்குண்டு

வாங்க. பேரு தெரியலைங்கறதை வச்சு அதை ஒதுக்கிடாதீங்க. கவுண்ட்டவுன் ஒண்ணும் அனாதை மெஷின் இல்ல, 9,899 செஞ்சிருக்காங்க, அது நல்ல எண்ணிக்கைதான். டிசைன் பண்ணது எட் கிரின்ஸ்கி, படம் வரைஞ்சது கார்டன் மாரிசன். 60கள், 70கள்ல வந்த நல்ல காட்லீப் மெஷின்கள்ல ஏகப்பட்டது கிரின்ஸ்கி கை பட்டதுதான், அதுலயும் ட்ராப் டார்கெட்டை (பந்து பட்டா கீழ இறங்கற குட்டிப் பலகை) அவரு மாதிரி ரசிச்சு வச்சவங்க கம்மி.

இந்த மெஷினோட உயிரே அதுதான். நாலு கலர்ல நாலு வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் 16 ட்ராப் டார்கெட். பந்து ஏறற ரேம்ப் கிடையாது, ஒரே நேரத்துல பல பந்து ஓடற மல்ட்டிபால் கிடையாது, பேசாது, கதை சொல்லாது. பந்தை ஃப்ளிப்பர்ல நிறுத்தி, குறி வச்சு, ஒவ்வொண்ணா சாய்க்கணும். வரிசை முழுசா விழுந்ததும் உள்ள இருக்கற காயில் (மின்காந்தம்) நாலையும் சேர்த்து தூக்கி நிறுத்தும் பாருங்க, அந்த "தடக்" சத்தம் கால் வழியா தரையிலயே தெரியும். பசங்களுக்கு ரூல் சொல்லிக் குடுக்க ஒரு நிமிஷம் போதும், ஆனா நல்லா ஆட வருஷக்கணக்காகும்.

அப்புறம் ஏன் பேரு வெளிய தெரியலைன்னா, அந்தக் காலகட்டம் அப்படி. 1977ல போட்டி கம்பெனிகளான பாலி, வில்லியம்ஸ் ரெண்டு பேரும் எலெக்ட்ரானிக்குக்கு வேகமா மாறிட்டாங்க. பாலியோட எயிட் பால்ங்கற மெஷின் மட்டும் 20,230 வித்தது. காட்லீப், சிப் இல்லாம ரிலே, ஸ்டெப்பர்னு சுவிட்சுகளாலயே ஓடற எலெக்ட்ரோமெக்கானிக்கல்ல ராஜாவா இருந்த கம்பெனி, எலெக்ட்ரானிக்ஸை வெளிய ராக்வெல்ங்கற கம்பெனிகிட்ட குடுத்து செஞ்சு வாங்கினாங்க. அதுக்குப் பேரு சிஸ்டம் 1. 1977 கிளியோபாட்ரால ஆரம்பிச்சு 1980 வரைக்கும் ஓடுச்சு. ஆட்டம் எல்லாம் அருமை, உள்ள இருக்கற சர்க்யூட் போர்டுதான் தலைவலி, அதனாலேயே நிறைய பேரு இந்த வரிசையையே ஒதுக்கிட்டாங்க. உங்க மெஷினும் அதுல ஒண்ணு.

கடைசிபந்து

நான் நேராவே சொல்றேன், வாங்காதீங்க. வெள்ளிக்குண்டு அண்ணா சொன்ன ஆட்டத்தைப் பத்தி எனக்கு மாற்றுக்கருத்து இல்ல, ஆனா முதல் மெஷின் வாங்கறவருக்கு சிஸ்டம் 1 சரிப்படாது. அதே காசுக்கு, கொஞ்சம் மேல போட்டா, அதே காலத்து பாலி கிடைக்கும். அதுல இருக்கறது மோட்டரோலா 6800 ப்ராசசர், 6820 சிப், எல்லாம் இன்னைக்கும் தேடினா கிடைக்கற சாமான், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்களும் ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க. சிஸ்டம் 1 போர்டு செத்தா அதுக்கு உள்ள போடற சிப் உலகத்துலயே புதுசா கிடையாது.

இன்னொண்ணு, விக்கறவர் "ஃப்யூஸ் பிரச்சனைதான்"னு சொன்னா அதை நம்ப வேண்டாம். ஃப்யூஸ்தான்னா அவரே ஒரு டாலர் குடுத்து மாத்திட்டு, ஓடற மெஷின்னு சொல்லி கூட 500 டாலர் வச்சு வித்திருப்பாரு. ஓடாத மெஷினுக்கு ஓடற மெஷின் விலை கேக்கறாரு, அவ்வளவுதான்.

மல்ட்டிமீட்டர்

ஃப்யூஸ் விஷயத்துல கடைசிபந்து சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா சிஸ்டம் 1 போர்டு செத்தா மெஷினே செத்துச்சுங்கறது பழைய கதை, இப்ப நிலைமை வேற. விவரமா சொல்றேன், ஏன்னா வாங்கறதா வேண்டாமாங்கற முடிவே இங்கதான் இருக்கு.

சிஸ்டம் 1 மூளை ராக்வெல்லோட 4 பிட் ப்ராசசர் குடும்பம். அதுல யூ4, யூ5னு ரெண்டு சிப், கால் எல்லாம் முன்னயும் பின்னயும் வளைஞ்சு நிக்கும், ஸ்பைடர் சிப்னு சொல்வாங்க. சிஸ்டம் 1 மெஷின் எல்லாத்துக்கும் பொதுவான ப்ரோக்ராம் அந்த ரெண்டுக்குள்ளதான் இருக்கு. அந்தந்த ஆட்டத்துக்கான சின்ன வித்தியாசம் மட்டும் தனியா ப்ராம்ங்கற ஒரு குட்டி மெமரி சிப்ல இருக்கும். யூ4, யூ5 போச்சுன்னா ஒரிஜினல் போர்டுக்கு வேற வழி கிடையாது, இன்னொரு பழைய போர்டுல இருந்து பிடுங்கித்தான் போடணும்.

ஆனா முழு போர்டையே மாத்திக்கலாம். அமெரிக்காவுல நை-வம்ப், ஃப்ரான்ஸ்ல இருந்து வர்ற பை-1, ஜெர்மனில ராஸ்பெரி பை வச்சு செய்யற லிசினு வகைகள் இருக்கு. எல்லா சிஸ்டம் 1 ஆட்டமும் ஒரே போர்டுல இருக்கும், எந்த மெஷின்னு செட் பண்ணி மாட்டினா போதும். சில நூறு டாலர் ஆகும். அதனால விலை பேசும்போது "போர்டு செத்துருச்சு"னு வச்சுக்கிட்டே பேசுங்க. உயிரோட இருந்தா லாபம்.

போர்டு போனதுக்கு முதல் காரணம் பேட்டரி. போர்டு மேலேயே ஒரு நிக்கல் கேட்மியம் ரீசார்ஜபிள் பேட்டரி சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க, வருஷம் போகப் போக அது கசியும். கசிஞ்ச சாமான் காப்பரை அரிச்சுக்கிட்டே போயி பக்கத்துல, போர்டு ஓரத்துல வயர் மாட்டற எட்ஜ் கனெக்டர் வரைக்கும் போகும். கனெக்டர் உள்ள இருக்கற பின்லயும் பச்சை பூத்திருந்தா புது போர்டு மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல, பின்னையும் மாத்தணும். இதைப் பார்க்காம போர்டை மட்டும் வாங்கி மாட்டிட்டு "புதுசும் வேலை செய்யலை"னு வர்றவங்கதான் அதிகம்.

ரெண்டாவது க்ரவுண்ட். சிஸ்டம் 1ல போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல க்ரவுண்ட் போறதே இந்த கனெக்டர் வழியாத்தான். அது லூஸ் ஆனா காயிலை இயக்கற ட்ரைவர் போர்டுல இருக்கற ட்ரான்சிஸ்டர் தன்னால ஆன் ஆகி காயிலைப் பிடிச்சுக்கும். ஒரு நொடிக்கும் கம்மியா அடிக்க வேண்டிய காயில் விடாம பிடிச்சா சூடாகி கருகும். அதனால எந்த சிஸ்டம் 1 வாங்கினாலும் முதல் வேலை, தனி வயர் போட்டு எல்லா போர்டு க்ரவுண்டையும் பவர் சப்ளையோட க்ரவுண்டுக்கு நேரா இணைக்கறது. வயர் காசுதான் செலவு, ஒரு மதியம் வேலை.

நேர்ல போனீங்கன்னா இதெல்லாம் பாருங்க: மெஷினை ஆஃப் பண்ணிட்டு ப்ளேஃபீல்டைத் தூக்கி காயில் சுத்தியிருக்கற பேப்பர் கருகியிருக்கா, ஃப்யூஸ் எல்லாம் மேனுவல்ல சொன்ன அளவா இல்ல யாராவது பெருசு போட்டு வச்சிருக்காங்களா, பேட்டரி எந்த நிலைமை. டிஸ்ப்ளே கண்ணாடியையும் பாருங்க, அது நீலப்பச்சையா எரியற வேக்குவம் ட்யூப், உள்ள ஓரத்துல பளபளன்னு வெள்ளி மாதிரி ஒரு திட்டு இருக்கணும். அது பால் மாதிரி வெள்ளையாயிருந்தா காத்து உள்ள போயிடுச்சு, அந்த டிஸ்ப்ளே காலி. 60 வோல்ட் லைன் இருக்கு, பவர் ஆன்ல இருக்கும்போது அந்தப் பக்கம் கை வைக்காதீங்க.

ஸ்கார்பரோகாரன்

தம்பி, நான் டொராண்டோவில இருக்கிறன். என்னட்ட இதே சிஸ்டம் 1ல டோட்டெம் எண்ட மெஷின் நிக்குது, அதுவும் 1979 தான். போர்டு மாத்தி, க்ரவுண்ட் வயர் இழுத்துப் போட்ட பிறகு ஒரு கரைச்சலும் இல்லை, பிள்ளையள் ஒவ்வொரு நாளும் விளையாடுதுகள். ஆனபடியா பழைய போர்டுக்குப் பயந்து விட்டுப்போட்டு வராதையுங்கோ.

நான் சொல்லுறது வேற. நீங்கள் இந்தக் காலத்து மெஷின் ஒண்டிலயாவது வடிவா நிண்டு விளையாடிப் பாத்தனீங்களோ? இப்பத்தைய மெஷின் மாதிரி பந்து பறக்காது. சிலருக்கு அது சப்பெண்டு இருக்கும், கொஞ்ச நாளில மூலையில போட்டிடுவினம். உங்களுக்குக் கிட்ட ஆஸ்பரி பார்க்கில சில்வர்பால் மியூசியம் இருக்கு, ஒருக்கா காசு குடுத்தா பழைய மெஷினெல்லாம் விளையாடலாம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. 70களில வந்த காட்லீப் மெஷினில அதுகள் எவ்வளவு நேரம் நிக்குதுகள் எண்டு பாருங்கோ, அதுக்குப் பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்.

கோவைப்பையன்

இடையில ஒரு கேள்வி. நான் கோயமுத்தூர்ல இருக்கேன், நேர்ல ஆடற வாய்ப்பே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல விஷுவல் பின்பால்னு ஒண்ணு இருக்கே, அதுல இந்த மெஷினை ஆடிப் பார்த்துட்டு முடிவு பண்ண முடியாதா அண்ணாக்கு?

வெள்ளிக்குண்டு

நல்ல கேள்வி தம்பி. பின்மேம்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, சிஸ்டம் 1 ப்ரோக்ராமையே அப்படியே ஓட்டும், அதை விஷுவல் பின்பாலோட சேர்த்து ஆடலாம். ரூல் புரியும், எந்த டார்கெட்டுக்கு எவ்வளவு, போனஸ் எப்படி ஏறுதுனு தெரிஞ்சுக்கலாம். மெஷினை லேசா தள்ளி பந்தைக் காப்பாத்தற உணர்வு அதுல வராது. ஸ்கார்பரோகாரன் அண்ணன் சொன்னதுதான் சரி, ரெண்டையும் செய்யுங்க.

விலைக்கு வருவோம். எடிசன்வாசி, நான் வாங்கும்போது எப்பவும் பின்னாடில இருந்து கணக்கு போடுவேன். நல்லா ஓடற, பேக்கிளாஸ் சுத்தமான இதே மெஷின் உங்க பக்கம் என்ன விலைக்குக் கைமாறுதுனு பாருங்க. கேக்கற விலையைப் பார்க்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. அதுல இருந்து புது போர்டு, கனெக்டர் பின், ரப்பர் ரிங் செட், ஃப்ளிப்பர் ரீபில்ட் கிட், பல்பு இதெல்லாம் கழிங்க. அப்புறம் உங்க உழைப்புக்கும் கொஞ்சம் கழிங்க, அதை மட்டும் எல்லாரும் மறந்துடறாங்க. மிச்சம் வர்றதுதான் நீங்க குடுக்க வேண்டிய விலை. ஃபோட்டோ மட்டும் பார்த்து சொல்றேன், 1,400 கிட்டவே வராது.

இதை முதலீடா நினைச்சு வாங்க வேண்டாம்னும் சொல்லிடறேன். ஜோக்கர் போக்கர் மாதிரி எல்லாரும் தேடற மெஷின்னா விக்கறது சுலபம். கவுண்ட்டவுன் வித்தா போட்ட காசு வரும், வராமலும் போகும். விக்கவே போறதில்லைனு தோணினா மட்டும் வாங்குங்க.

கடைசிபந்து

அந்தக் கடைசி வரி எனக்கு ஏத்துக்க முடியலை அண்ணா. நடுத்தரக் குடும்பத்துல ஆயிரம் டாலர் சும்மா இல்ல. திரும்ப வித்தா யாரு வாங்குவாங்கனு முதல்லயே யோசிக்கறதுல தப்பென்ன? அவரு நாளைக்கு வேலை மாறி டெக்சாஸ் போனா இந்த 100 கிலோ பெட்டியை என்ன பண்ணுவாரு?

வெள்ளிக்குண்டு

யோசிக்கலாம், அதனாலதான் கம்மி விலைக்கு வாங்கச் சொல்றேன். ஓடாத நிலைமைல வாங்கி ஓட வச்சா, அவசரத்துக்கு வித்தாலும் பெரிய அடி விழாது. முழு விலை குடுத்து பேரு பெத்த மெஷின் வாங்கறவருக்குத்தான் சந்தை இறங்கும்போது வலிக்கும்.

எடிசன்வாசி

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. சனிக்கிழமை பசங்களோட ஆஸ்பரி பார்க் போயிட்டு வந்தோம். பெரியவன் புது மெஷின் பக்கமே சுத்தினான். சின்னவ ட்ராப் டார்கெட் இருக்கற ஒரு பழைய காட்லீப்பைப் பிடிச்சுக்கிட்டு நகரவே இல்ல, கடைசி டார்கெட் ஒண்ணு மட்டும் நின்னா "அப்பா இன்னொரு ஆட்டம்"னு. நானும் அவ பக்கம்தான். அதனால ஆட்டம் பிடிக்குமாங்கற கேள்வி முடிஞ்சது.

ஞாயித்துக்கிழமை மெஷினைப் பார்க்கப் போனேன். விக்கறவர் நல்ல மனுஷர், திறந்து பார்க்க விட்டாரு. பேக்பாக்ஸ் (மேல நிக்கற தலைப்பெட்டி) திறந்ததும் தெரிஞ்சது பேட்டரிதான். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையும் பச்சையுமா பொடி, அதுக்குக் கீழ போர்டுல இருக்கற கோடு எல்லாம் கறுத்துப் போயிருக்கு, டார்ச் அடிச்சுப் பார்த்தா கீழ் கனெக்டர்ல ஒரு ஓரத்துல சில பின் மட்டும் பச்சையா இருக்கு, மத்த பின் எல்லாம் பளிச்சுனு இருக்கு. அஞ்சு டிஸ்ப்ளேலயும் அந்த வெள்ளித் திட்டு இருக்கு, மல்ட்டிமீட்டர் சார் சொல்லலைனா அதைப் பார்க்கணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ப்ளேஃபீல்டைத் தூக்கினோம். காயில் எதுவும் கருகலை, ஒண்ணு ரெண்டுல பேப்பர் பழுப்பா இருக்கு அவ்வளவுதான். 16 டார்கெட்டையும் விரலால அழுத்திப் பார்த்தேன், எல்லாம் விழுது, ஒண்ணு மட்டும் பாதில நிக்குது. ப்ளேஃபீல்ட்ல பெயிண்ட் தேஞ்சது ஃப்ளிப்பர் முன்னாடி ஒரு காசு அளவுக்குத்தான். ஆனா ஃப்யூஸ் ஒண்ணு மேனுவல் அளவை விட பெருசு. பேக்கிளாஸ் ஃபோட்டோவுல தெரிஞ்சதை விட மோசம், பின்பக்கம் தொட்டா செதில் உதிரும் போல இருக்கு.

இன்னும் விலை பேசலை. ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன். என்ன சொல்றீங்க?

மல்ட்டிமீட்டர்

இவ்வளவு தெளிவா பார்த்துட்டு வந்தீங்களே, சந்தோஷம். என் கணிப்பு: சிபியு போர்டு (மூளை இருக்கற போர்டு) போச்சு, அதைக் காப்பாத்த மெனக்கெட வேண்டாம். கனெக்டர்ல சில பின்தான்னா நல்ல செய்தி, அந்த ஹவுசிங்கை மட்டும் புது பின் போட்டு கட்டிடலாம், முடிஞ்சா அந்த கனெக்டர்ல இருக்கற எல்லா பின்னையுமே மாத்திடுங்க. நிக்கல் கேட்மியம் கசிவு காரத்தன்மை உள்ளது, வினிகர் கலந்த தண்ணி தொட்டு துடைச்சா அடங்கும், அப்புறம் ஆல்கஹால் போட்டு காய வைங்க.

பெரிய ஃப்யூஸ் ஒரு எச்சரிக்கை. யாரோ ஒருத்தர் ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகுதுனு பெருசு போட்டிருக்காரு. காயில் கருகலைங்கறதால தப்பிச்சிருக்கு, ஆனாலும் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பவர் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காயிலோட ரெசிஸ்டன்ஸை ஓம்ஸ்ல அளந்து எழுதி வைங்க, ரொம்பக் கம்மியா காட்டறதுக்குப் பின்னாடி இருக்கற ட்ரான்சிஸ்டரை சந்தேகப்படுங்க. பழைய போர்டோட ஒரு தடவை கூட இனி ஆன் பண்ணிப் பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்குண்டு

பேக்கிளாஸ் விஷயம் விலைக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா போர்டு புதுசா கிடைக்கும், மாரிசன் வரைஞ்ச அந்தக் கண்ணாடி நல்ல நிலைமைல கிடைக்கறதுதான் கஷ்டம். உதிர ஆரம்பிச்சதை துடைக்காதீங்க, ஈரத்துணி கூட வேண்டாம். கழட்டி படுக்க வச்சு, பின்பக்கம் க்ரைலான் ட்ரிபிள் திக் க்ளியர் ஸ்ப்ரே மெல்லிசா அடிச்சா இருக்கற பெயிண்ட் நின்னுடும். பின்னாடி 44-ம் நம்பர் பல்பு இருந்தா எடுத்துட்டு 47 போடுங்க இல்ல எல்இடி போடுங்க, பெயிண்டை எழுப்பறதே அந்த சூடுதான்.

என் விலை: 800ல ஆரம்பிங்க, 950க்கு மேல போகாதீங்க. திட்டு வச்ச டிஸ்ப்ளே அஞ்சும், கருகாத காயிலும், தேயாத ப்ளேஃபீல்டும் இருக்கறதால அந்த 950 தகும். அதுக்கு மேல ஒரு டாலர் கேட்டாலும் கும்பிட்டுட்டு வந்துடுங்க.

ஸ்கார்பரோகாரன்

950க்கு எண்டா எடுங்கோ தம்பி. பிள்ளை நகரேல்ல எண்டு சொன்னீங்கள், அது காணும் எனக்கு. ஆனா அந்தப் பழைய போர்டை எறிஞ்சு போடாதையுங்கோ. ஸ்பைடர் சிப் ரெண்டும் உயிரோட இருந்தா அதைத் தேடித் திரியிற ஆக்கள் இருக்கினம், ஒரிஜினலா வச்சிருக்க விரும்புறவைக்கு அது பெரிய உதவி.

கடைசிபந்து

நான் இன்னும் பாலி பக்கம்தான். ஆனா 950க்கு இந்த நிலைமைல கிடைச்சா நானும் தடுக்க மாட்டேன். சின்னப் பொண்ணு ஆடற மெஷின்னா, பூட்டின பேக்பாக்ஸ் சாவியை உங்ககிட்டயே வச்சுக்கோங்க, உள்ள 60 வோல்ட் இருக்கு.

எடிசன்வாசி

எடுத்தாச்சு. 800 சொன்னேன், அவர் 1,100 சொன்னாரு, பேட்டரி கசிஞ்ச ஃபோட்டோவையும் புது போர்டு விலையையும் காட்டினேன், 925க்கு முடிஞ்சது. ஒரிஜினல் மேனுவலும் ஸ்கிமாட்டிக்கும் ஒரு கவர்ல இருந்தது, அதையும் குடுத்துட்டாரு. தலையைக் கழட்டி, கால் நாலையும் கழட்டி, ரெண்டு நண்பர்கள் உதவியோட மினிவேன்ல ஏத்திக் கொண்டு வந்துட்டோம். பவர் போடலை, ப்ளக்ல டேப் சுத்தி வச்சிருக்கேன்.

பழைய போர்டைக் கழட்டி தனியா வச்சாச்சு, ஸ்கார்பரோகாரன் அண்ணா. காயில் ஓம்ஸ் எல்லாம் எழுதிட்டேன், எதுவும் ரொம்பக் கம்மியா இல்ல. இப்ப ஆர்டர் போடப் போறது போர்டு, கனெக்டர் பின், க்ரிம்பர் (பின்னை வயர்ல அழுத்திப் பிடிக்க வைக்கற கருவி), வெள்ளை ரப்பர் ரிங் செட், புது பந்து ஒண்ணு. மல்ட்டிமீட்டர் சார், க்ரவுண்ட் வயர் எந்த கேஜ்ல போடணும்? பாதில நிக்கற அந்த ஒரு டார்கெட்டுக்கு ஸ்ப்ரிங் மாத்தணுமா இல்ல சுத்தம் பண்ணா போதுமா?

மல்ட்டிமீட்டர்

வாழ்த்துக்கள்! 18 கேஜ் ஸ்ட்ராண்டட் வயர் தாராளம். பவர் சப்ளை மெட்டல் ப்ளேட்ல ஒரு போல்ட்ல எல்லாத்தையும் கொண்டு வந்து சேருங்க, போர்டுக்கு போர்டு சங்கிலி மாதிரி தாவ வேண்டாம். டார்கெட்டுக்கு முதல்ல அந்த வரிசையை வெளிய எடுத்து பழைய அழுக்கைத் துடைங்க, எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க, தூசி சேர்ந்து இன்னும் ஒட்டும். துடைச்சும் நின்னா ஸ்ப்ரிங் பாருங்க. புது போர்டு வந்ததும் மாட்டறதுக்கு முன்னாடி பவர் சப்ளை அவுட்புட் மட்டும் தனியா அளந்து 5 வோல்ட் என்ன காட்டுதுனு இங்க போடுங்க, அது சரியா இல்லாம புது போர்டை இணைக்கக் கூடாது.